"படகு நம்மளது... பாதை யாரோடது?" - அப்பாவின் 70-வது பிறந்தநாளும் ஒரு கலாபகோஸ் கணக்கும்

"எங்க போகணும்னு ஆசைப்பா?" என்று கேட்டபோது, காசி என்றோ பத்ரிநாத் என்றோதான் பதில் வரும் என்று மூன்று பிள்ளைகளும் நினைத்திருந்தார்கள். அப்பா இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு, "கலாபகோஸ்" என்றார்.

அடுப்படியில் இருந்த அம்மாவுக்கு அது கோயில் பெயராகத்தான் கேட்டது. "எந்த ஊருப் பெருமாள்?" என்று எட்டிப் பார்த்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அரசுப் பள்ளியில் 31 வருடம் விலங்கியல் பாடம் எடுத்தவர் அப்பா. பரிணாமம் என்று பாடம் வந்தாலே கரும்பலகையில் தீவு வரைவார், குருவிகளின் அலகு வரைவார். கடைசியாக ஒரு பறவை வரைவார். கண்மாயில் இறக்கையை விரித்துக் காயவைக்கும் நம்ம ஊர் நீர்க்காகம்தான், ஆனால் இறக்கை மட்டும் பிய்த்துப் போட்ட மாதிரி குட்டையாக இருக்கும். "இது கலாபகோஸ்ல இருக்கு. இதுக்குப் பறக்கத் தெரியாது. தரையில துரத்துறதுக்கு மிருகம் இல்ல, கரையோரமே மீன் கிடைக்குது, அப்புறம் எதுக்குப் பறக்கணும்? ஆனா பழக்கம் பாருங்கடா, முங்கி எந்திரிச்சா அந்த மொட்டை இறக்கையையும் விரிச்சுக் காயவைக்கும்" என்பார். வகுப்பு சிரிக்கும். 31 வருடமும் அதே இடத்தில் சிரித்திருக்கிறது.

இப்போது அவருக்கு விழித்திரையின் மையப் பகுதி தேய்ந்துகொண்டிருக்கிறது. மதுரையில் கண் டாக்டர் ஒரு கட்டம் போட்ட அட்டையைக் கொடுத்து, தினமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொல்லியிருக்கிறார். அட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. நேர்க்கோடுகள் வளைந்து தெரிந்தால் உடனே வரவேண்டும். வலது கண்ணில் ஏற்கெனவே வளைந்துதான் தெரிகிறது. பேப்பரில் எழுத்தின் நடுப்பகுதி மறைந்துபோய் ஓரங்கள் மட்டும் நிற்கின்றன. இன்னும் எத்தனை வருடம் என்று கேட்டதற்கு டாக்டர் தேதி எதுவும் சொல்லவில்லை. ஆசை ஏதாவது இருந்தால் தள்ளிப்போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அதனால்தான் அந்தக் கேள்வியே கேட்கப்பட்டது.

பெரியவர் ஹூஸ்டனில் சொந்தமாக சாஃப்ட்வேர் நிறுவனம் நடத்துகிறார். சின்னவருக்கு சிவகாசியில் சிறிய ஆஃப்செட் பிரஸ். தங்கை சென்னையில் வங்கி அதிகாரி. அப்பா வாயில் கலாபகோஸ் வந்த மறுநாளே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியவரின் குரல் பதிவு விழுந்தது. "தனித்தனியா டிக்கெட் போட வேணாம். ஒரு யாட்டையே முழுசா எடுத்துருவோம். பதினாறு பேர். நம்ம படகு, நம்ம இஷ்டம். பாப்பா, ப்ளான் எல்லாம் நீ பாத்துக்க. காசப் பத்தி யாரும் பேசக் கூடாது."

காசைப் பற்றி இங்கே கொஞ்சம் பேசித்தான் ஆகவேண்டும். கலாபகோஸில் பதினாறு பேர் தங்கும் நல்ல சொகுசுப் படகு ஒன்றை, ஊழியர்கள், சாப்பாடு, வழிகாட்டியோடு ஒரு வாரத்துக்கு மொத்தமாக எடுத்தால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிடும். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது வேறு கிரகத்துச் செய்திதான். ஆனால் இந்தக் கதையில் அந்தத் தொகையால் வாங்க முடியாத பொருள்களின் பட்டியல்தான் நீளம்.

முதல் வாரத்திலேயே பெரியவர் ஆசைகளை அடுக்கி அனுப்பிவிட்டார். தங்கை படகு முகவருக்கு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். பதில்களும் ஒவ்வொன்றாக வந்தன.

தீவுகளுக்கு மேல் ட்ரோன் பறக்கவிட்டு அப்பாவோடு வீடியோ எடுக்கலாமா? சுற்றுலாப் பயணிகளுக்கு ட்ரோன் கூடாது. பையன்களுக்கு ஜெட் ஸ்கி? மோட்டார் வைத்த நீர் விளையாட்டே கிடையாது. துடுப்புப் படகும் ஸ்நார்க்கலிங்கும் உண்டு, அதுவும் அனுமதித்த இடங்களில். படகிலிருந்து தூண்டில் போட்டு மீன்? இல்லை. ஆளில்லாத கடற்கரையில் ராத்திரி நெருப்பு மூட்டி பிறந்தநாள்? நெருப்பு கிடையாது. அதோடு, பார்வையிடும் இடங்கள் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரைதான். அங்கே மதுவும் கூடாது, சிகரெட்டும் கூடாது, கேமரா ஃபிளாஷும் கூடாது.

"சரி, வழிகாட்டி வேணாம்னு சொல்லு. நம்ம குடும்பம் மட்டும் இருப்போம்."

"அதும் முடியாதுண்ணே. பூங்கா அனுமதி வாங்குன வழிகாட்டி இல்லாம கரையில கால் வைக்க முடியாது. ஒரு வழிகாட்டிக்கு பதினாறு பேர்தான் கணக்கு. அதனாலதான் சின்னப் படகெல்லாம் பதினாறு பேருக்குன்னே கட்டியிருக்காங்க."

"அப்ப பதினேழாவது ஆளு வந்தா?"

"இன்னொரு வழிகாட்டி வேணும்ணே. அதுக்கு முன்னாடி பதினேழாவது கட்டில் வேணும்."

பெரியவருக்கு ஃபுளோரிடாவில் ஒரு நண்பர். சொந்தமாகவே யாட் வைத்திருக்கிறார். "அவன் படகையே கொண்டுவந்துட்டா யாரு கேக்கப்போறா?" என்று ஒரு நாள் ஆரம்பித்தார். தங்கை அதையும் விசாரித்தாள். கேட்பதற்கு நிறைய பேர் இருந்தார்கள். வெளிநாட்டுத் தனியார் படகு உள்ளே வர உள்ளூர் முகவர் மூலமாகப் பல வாரங்கள் முன்பே அனுமதி வாங்க வேண்டும். வந்ததும் சுங்கத்துறை, கடற்படை, உயிரியல் பாதுகாப்பு, பூங்கா என்று ஆள்கள் ஏறிப் பார்ப்பார்கள். முக்குளிப்பவர் ஒருவர் இறங்கி படகின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்ப்பார். அங்கே பாசியோ ஒட்டுச் சிப்பியோ இருந்தால், கடல் காப்பகத்தின் எல்லைக்கு வெளியே போய்ச் சுரண்டிவிட்டு வா என்று அனுப்பிவிடுவார்கள். கரையிலிருந்து 40 கடல் மைல் தள்ளி இருக்கிறது அந்த எல்லை. இவ்வளவும் முடிந்து உள்ளே வந்தாலும், பார்க்கும் இடங்களுக்கு வழிகாட்டியும் அனுமதியும் தனியாக வேண்டும்.

அன்றிரவு பெரியவர் கொஞ்சம் சூடாகவே பேசினார். "இவ்ளோ காசு வாங்கிட்டு இதென்ன ஜெயில் மாதிரி?"

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. ஈசிசேரில் சாய்ந்திருந்த அப்பா சிரித்தார். "தம்பி, தாணிப்பாறையில நம்ம பையத் தொறந்து பாக்குறான்ல? சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் விடுவேன்னு எத்தனை வருஷம் சொன்னான்? நீ காலேஜ் படிக்கிறப்ப அந்த ஃபாரஸ்ட் கார்டுகிட்ட சண்டை போட்டது ஞாபகம் இருக்கா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. சண்டை ஞாபகம் இருந்திருக்கும்.

பிறகு அப்பா ஆட்டுக் கதையைச் சொன்னார். பாடம் எடுக்கும் அதே குரல். பின்டா என்று அங்கே ஒரு தீவு. 1950-களின் இறுதியில் மீனவர்கள் மூன்றே மூன்று ஆடுகளை விட்டுவிட்டுப் போனார்கள், திரும்பி வரும்போது கறிக்கு ஆகுமே என்று. சில பத்தாண்டுகளில் அது பல்லாயிரம் ஆடாகிப் பச்சையை எல்லாம் மொட்டையடித்துவிட்டது. அந்தத் தீவுக்கென்றே இருந்த ஆமை இனத்தை அதற்கு முன்பே கப்பல்காரர்கள் பிடித்துத் தின்று பெருமளவு அழித்திருந்தார்கள். மிஞ்சியது ஒரே ஓர் ஆண் ஆமை. 'தனிமை ஜார்ஜ்' என்று பெயர் வைத்து நாற்பது வருடம் வைத்துப் பார்த்தார்கள். 2012 ஜூன் 24 அன்று அதுவும் செத்துப்போனது. அதோடு அந்த வம்சம் முடிந்தது. பக்கத்தில் இசபெல்லா, சான்டியாகோ உள்ளிட்ட தீவுகளில் ஹெலிகாப்டரில் ஆள் வைத்து ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆடுகளை ஒழிக்க வேண்டியிருந்தது.

"ஆட்ட விடு. கொய்யா தெரியுமா? நம்ம கொய்யாப்பழம். அங்க அது களை. காடு காடாப் பரவிக்கெடக்கு. யாரோ ஆசையா நட்டதுதான்."

அதற்குப் பிறகு பெரியவர் ட்ரோனைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் உண்மையான சிக்கல் அதற்கு அடுத்துதான் வந்தது.

கலாபகோஸ் ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. தரைப்பரப்பில் 97 சதவிகிதம் தேசியப் பூங்கா. பூங்கா அறிவிக்கப்பட்டது 1959-ல். 1978-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலைத் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே இடம்பிடித்தது. 2007-ல் ஆள் நடமாட்டமும் வெளியிலிருந்து வந்த உயிரினங்களும் கூடிப்போனதால் 'ஆபத்தில் இருப்பவை' பட்டியலில் சேர்ந்து, 2010-ல்தான் அதிலிருந்து வெளியே வந்தது. அங்கே எந்தப் படகு எந்த நாளில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பூங்கா நிர்வாகம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. 2012 முதல், ஒரே படகு ஒரே இடத்துக்குப் பதினான்கு நாள்களுக்குள் மறுபடி போக முடியாது. அதனால் படகுகள் ஒரு வாரம் ஒரு பக்கம், மறுவாரம் வேறு பக்கம் என்று சுற்றுகின்றன. முழுப் படகையும் நீங்களே வாடகைக்கு எடுத்தாலும், அந்த வாரத்துக்கு அந்தப் படகுக்கு எழுதியிருக்கும் பாதைதான் உங்கள் பாதை.

பெரியவர் தேர்ந்தெடுத்தது மார்ச் இரண்டாம் வாரம். அவர் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பள்ளியில் வசந்த கால விடுமுறை. கடலும் அப்போது அமைதியாக இருக்கும், அம்மாவுக்கு வாந்தி வராது. எல்லாம் சரி. அந்த வாரம் அந்தப் படகு கிழக்கே போகிறது. கிழக்கில் எஸ்பனோலா இருக்கிறது, ஜெனோவேசா இருக்கிறது, பார்க்க ஆயிரம் இருக்கிறது. பறக்காத நீர்க்காகம் மட்டும் இல்லை. உலகத்திலேயே அது பெர்னாண்டினா தீவிலும், இசபெல்லாவின் வடக்கு, மேற்குக் கரைகளிலும் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் போவது மேற்குப் பாதை.

"எவ்ளோ கேக்குறாங்களோ குடுத்துரு பாப்பா. ரெண்டு நாள் மேற்க திருப்பச் சொல்லு."

தங்கை கேட்டாள். முகவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். இது பணம் சம்பந்தப்பட்டது இல்லை. பாதையை மீறினால் படகின் உரிமத்துக்கே ஆபத்து. உரிமங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருப்பதால், இருப்பதை யாரும் பணயம் வைக்க மாட்டார்கள்.

"எஸ்பனோலாவுல ஆல்பட்ராஸ் இருக்காமே? அப்பாவுக்கு அதக் காட்டுவோம்" என்று பெரியவர் இறங்கி வந்தார். அதுவும் மார்ச் தொடக்கத்தில் நடக்காது. அலை ஆல்பட்ராஸ்கள் வருடத் தொடக்கத்தில் தீவை விட்டுக் கடலுக்குப் போய்விட்டு, மார்ச் கடைசி, ஏப்ரல் வாக்கில்தான் திரும்புகின்றன. பறவைகளுக்கும் அமெரிக்கப் பள்ளி நாள்காட்டி தெரியாது.

தங்கை ஒரு தாளை எடுத்துத் தேதிகளை வரிசையாக எழுதினாள். மே 3 கிழக்கு. மே 10 மேற்கு. மே 17 கிழக்கு. மே 24 மேற்கு, அது ஏற்கெனவே வேறு யாருக்கோ போய்விட்டது. மே 31 கிழக்கு. மே 31 தொடங்கும் வாரத்தில் ஹூஸ்டன் பிள்ளைகளுக்கு லீவு விட்டிருக்கும். மே 10 என்றால் அவர்களுக்கு ஆண்டுக் கடைசிப் பரீட்சை நேரம். பெரியவருக்கும் அந்த வாரம் முக்கியமான வாடிக்கையாளர் கூட்டம்.

தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. மார்ச் இரண்டாம் வாரம் என்றால் சிவகாசியில் சின்னண்ணன் பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும் நேரம். பெரியண்ணன் தேதி சொன்ன அன்றைக்கே சின்னண்ணன் குழுவில், "பரீட்சை இருக்கு, நாங்க வரல, நீங்க அப்பா அம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்று ஒரு வரி போட்டிருந்தார். அதற்குக் கீழே மூன்று கைகூப்பல். யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்பா மட்டும் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் பிடித்து சிவகாசிக்கே போனாள். இந்த விஷயத்தை ஃபோனில் பேசியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. பிரஸ்ஸில் காலண்டர் வேலை ஓடிக்கொண்டிருந்தது. மை வாசனை. சின்னண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சின்னண்ணே, மே மாசம் வச்சா பிள்ளைகளுக்கு லீவுதான. வருவியா?"

"மே மாசம் வேலை கம்மிதான்" என்றார். பிறகு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. டீ வந்தது. மதினி தட்டில் முறுக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

"அண்ணன் காசுல கப்பல்ல போயி, நாலு பேரு உக்காந்து திங்கிறதா பாப்பா? அவரு மாமனார் மாமியாரும் வர்றாங்க. நாளைக்கி பேச்சு எப்படி வரும்னு உனக்குத் தெரியாதா? அண்ணன் சொல்ல மாட்டாரு. ஆனா நாலு பேரு சொல்லுவாங்க."

அவள் பதிலுக்குச் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. பையிலிருந்த கணக்குத் தாளை எடுத்து, படகு வாடகையில் சேராத செலவுகளைக் காட்டினாள். பூங்கா நுழைவுக் கட்டணம் தனி. 2024 ஆகஸ்டில் அது வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 100 டாலரிலிருந்து 200 டாலராகக் கூடிவிட்டது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் பிள்ளைகளுக்கு 100 டாலர். அது போக, தீவுக்கு விமானம் ஏறும் முன் எடுக்க வேண்டிய பயணக் கட்டுப்பாட்டு அட்டைக்கு ஆளுக்கு 20 டாலர். டிக்கெட்டும் தனி.

சின்னண்ணன் தாளை வாங்கி, காதில் செருகியிருந்த பேனாவால் ஓரத்தில் கூட்டினார். அவரும் மதினியும் 440. பதினொரு வயதும் எட்டு வயதும் சேர்த்து 240. கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அப்பா, அம்மா என்று எழுதி அதற்கு எதிரே 440 போட்டார். மொத்தம் 1,120. டாலரை ரூபாயாக்கினால் கிட்டத்தட்ட ஒரு லட்சம்.

"அப்பா அம்மா உள்ள போற காசு நான்தான் கட்டுவேன். எங்க டிக்கெட்டும் நான் போட்டுக்கறேன். படகு அவரோடது. இதுக்குச் சம்மதிச்சா வர்றேன்."

காலண்டர் சீசன் பாக்கி வசூலானால் டிக்கெட்டுக்குச் சரியாக வரும் என்று அவரே சொல்லிக்கொண்டார். வசூலாகுமா என்பதை அவள் கேட்கவில்லை.

பெரியண்ணனிடம் பேசுவது இன்னும் கஷ்டமாக இருந்தது. நுழைவுக் கட்டணத்தைத் தம்பி கட்டுவதா என்று முதலில் கோபப்பட்டார். "அவன்கிட்ட நான் கேட்டனா?" என்றார். தங்கை பொறுமையாக இருந்தாள். வங்கிக் கவுன்ட்டரில் பத்து வருடம் உட்கார்ந்தவள்.

"அண்ணே, நீ குடுக்குற காசுல பாதை மாறல. தேதியத்தான் மாத்தணும். தேதிய மாத்துனா நீகாப்பு பாக்கலாம், சின்னண்ணனும் வருவான். மாத்தலேன்னா ரெண்டும் இல்ல. உன் மீட்டிங்கும் பிள்ளைங்க பரீட்சையும்தான் இடிக்குது. நீயே யோசிச்சுச் சொல்லு."

சின்ன வயதில் நீர்க்காகம் என்று சொல்ல வராமல் பெரியவர் 'நீகாப்பு' என்பார். வேண்டுமென்றேதான் அந்த வார்த்தையைப் போட்டாள்.

மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் குழுவில் ஒரே ஒரு வரி வந்தது. "மே 10. முன்பணம் கட்டிட்டேன்." பிள்ளைகளின் பள்ளியில் என்ன சொல்லி அனுமதி வாங்கினார், கூட்டத்தை என்ன செய்தார் என்று அவர் சொல்லவில்லை.

தேதி முடிவானதும் மற்ற வேலைகள் மளமளவென்று நடந்தன. கீட்டோ நகரம் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அப்பாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு என்பதால் கடல் மட்டத்தில் இருக்கும் குவாயாகில் வழியாகப் போவதென்று முடிவானது. படகு கிளம்புவதற்கு முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், விமானம் தாமதமானால் படகு காத்திருக்காது. சைவச் சாப்பாடு பதினோரு பேருக்கு என்று படகின் சமையல்காரருக்குத் தகவல் போனது. பெரியவரின் மாமனாருக்கு வெங்காயம், பூண்டும் ஆகாது. அந்தக் கதை தனி.

ஒன்று மட்டும் தங்கையின் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. விதிப்படி எந்த விலங்கிடமிருந்தும் இரண்டு மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். சாதாரண ஆளுக்கு அது ஒன்றுமே இல்லை. அப்பாவுக்கு நடுப்பார்வை மங்கல். பேத்தி முகத்தையே ஒரு முழத் தூரத்தில் வைத்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால்தான் பார்க்கிறார். இத்தனை கடல் தாண்டிப் போய், இரண்டு மீட்டர் தள்ளி ஒரு கறுப்புத் திட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால்?

முகவரிடம் கேட்டு, தீவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு வழிகாட்டியோடு வீடியோ காலில் பேசினாள். கண் பார்வைக்காக விதியில் ஏதாவது சலுகை உண்டா என்று நேராகவே கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார். நீங்கள் அதன் பக்கத்தில் போகக் கூடாது, அதில் மாற்றம் இல்லை என்றார். பிறகு சொன்னார்: ஆனால் அங்கே இருக்கும் உயிரினங்களுக்கு மனிதரைப் பார்த்தால் பயம் கிடையாது. பெர்னாண்டினாவில் கடல் உடும்புகள் நடைபாதையிலேயே குவியலாகப் படுத்திருக்கும், அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் நடக்க வேண்டும். நீர்க்காகங்கள் கரையோரப் பாறையில் கடல்பாசியால் கூடு கட்டும். உங்கள் அப்பா அசையாமல் நின்றால், அது தானாக வந்தாலும் வரும். வராமலும் போகலாம். வந்தால் கையை மட்டும் நீட்டக் கூடாது.

"அப்பா எவ்வளவு நேரம் அசையாமல் நிற்பார்?" என்று அவர் கேட்டார்.

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. கண்மாய்க் கரையில் அப்பா பறவை பார்க்க நின்றால் கொக்குக்கே சலித்துப்போகும்.

வழிகாட்டி இன்னும் இரண்டு விஷயங்கள் சொன்னார். எரிமலைப் பாறை, தண்ணீர் வற்றும் நேரத்தில் வழுக்கும், எனவே ரப்பர் முனை வைத்த ஊன்றுகோல் வேண்டும். ரப்பர் படகிலிருந்து பாறையில் கால் வைக்கும்போது மணிக்கட்டைப் பிடித்துத்தான் ஏற்றுவார்கள், அதைப் பழகிக்கொண்டு வரட்டும். இப்போது தினமும் சாயங்காலம் வீட்டு வாசல்படியில் அந்தப் பயிற்சி நடக்கிறது. அம்மா மணிக்கட்டைப் பிடிக்க, அப்பா படியேறி இறங்குகிறார். தெருவில் போகிறவர்கள் என்னவென்று கேட்டால் "கப்பல்ல ஏறப் பழகுறாரு" என்று அம்மாவே சொல்லிவிடுகிறார்.

அம்மாவின் பை தனிக் கதை. மாவடு, கறிவேப்பிலைக் கொத்து, மோர் மிளகாய், ஒரு சீப்பு மட்டிப்பழம், போகிற இடத்தில் கிடைக்காதே என்று எலுமிச்சை. தங்கை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தாள். தீவுக்கு விமானம் ஏறும் முன் பைகளைச் சோதித்து சீல் வைக்கிறார்கள். பழம், விதை, செடி, மண் எதுவும் கொண்டுவரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"கறிவேப்பிலையில என்னடி விதை இருக்கு?"

"அம்மா, கொய்யாவ யாரோ இப்படித்தான் கொண்டுபோனாங்க."

அம்மா ஒரு நிமிடம் அவளை முறைத்துவிட்டுக் கறிவேப்பிலையைத் திருப்பி எடுத்து வைத்தார். மோர் மிளகாயை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இது வறுத்ததுதான?" பிறகு அதையும் வைத்துவிட்டார்.

அப்பாவின் வேலை, காலணிகள். விதை ஒட்டியிருந்தால் சோதனையில் மாட்டும் என்று தங்கை சொன்னதிலிருந்து, பயணத்துக்கென்று வாங்கிய ஷூவை அவர் தெருவில் போடுவதில்லை. ஆனால் பழகாத ஷூ காலைக் கடிக்கும் என்று வழக்கமான பழைய ஷூவைத்தான் எடுத்துப்போகப்போகிறார். வருடக்கணக்காகக் கண்மாய்க் கரையில் நடந்த ஷூ அது. போன ஞாயிற்றுக்கிழமை காலை கிணற்றடியில் உட்கார்ந்து, பழைய டூத் பிரஷும் அம்மாவின் கொண்டை ஊசியும் வைத்துக்கொண்டு சுத்தம் செய்தார். கண்ணுக்குத் தெரியாது என்பதால் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அடிப்பாகத்தின் பள்ளம் ஒவ்வொன்றிலும் ஊசியை விட்டு நெம்பினார். செம்மண், ஒரு சின்னக் கல், புல் விதை.

கடைசியில் குதிகால் பக்கத்தில் ஏதோ குத்தியது. நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்து, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தார். நெருஞ்சி முள்.

"இந்தா, இவனும் கலாபகோஸ் பாக்கணும்னு இத்தன நாளா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கான்" என்றார்.

"அதை வாசல்ல வீசாதீங்க" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "பிள்ளைக கால்ல குத்தும்."